கிராபிக்ஸ் கார்டை ஓவர்கிளாக் செய்யலாமா? உப்புக்காற்று ஊரில் லாப நஷ்டக் கணக்கு!

"சும்மா ஸ்லைடர நகத்தி விடு மக்கா, ஒண்ணும் ஆவாது!" கேம் விளையாடும் எல்லோருக்கும் இப்படி ஒரு நண்பர் உண்டு. நாகர்கோவிலில் வீட்டிலிருந்தே வீடியோ எடிட்டிங், 3டி ரெண்டரிங் வேலை பார்ப்பவர்களுக்கும் இந்த அறிவுரை வந்து சேரும்.

இப்போது இதைக் கேட்டு நடக்கும் ஆசை அதிகமாகவே இருக்கும். ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப்கள் அள்ளிக்கொண்டு போகப்பட்டதால், 2025 இறுதியில் மெமரி விலை எகிறியது. 'க்ரூஷியல்' என்ற பெயரில் சில்லறை வாடிக்கையாளர்களுக்கு ரேம் விற்றுவந்த மைக்ரான் நிறுவனம், அந்தத் தொழிலிலிருந்தே விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. கிராபிக்ஸ் கார்டிலும் மெமரி சிப்கள்தான் இருக்கின்றன. 'புதுசு வாங்க முடியாது, இருப்பதையே முறுக்கலாம்' என்று தோன்றுவது இயல்பு. ஆனால் கணக்கு சரியாக வருமா?

ஓவர்கிளாக் என்றால் என்ன?

கார்டில் உள்ள சிப், நொடிக்கு இத்தனை முறை துடிக்க வேண்டும் என்று தயாரிப்பாளர் ஒரு வேகத்தை வைத்திருப்பார். அதுதான் கிளாக் ஸ்பீடு. எம்.எஸ்.ஐ ஆஃப்டர்பர்னர் போன்ற இலவச மென்பொருள் மூலம் அந்த வேகத்தைக் கூட்டுவதே ஓவர்கிளாக்கிங். மெமரியின் வேகத்தையும் இதேபோல கூட்டலாம்.

எவ்வளவு லாபம் கிடைக்கும்?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இன்றைய கார்டுகள் தங்களைத் தாங்களே ஓவர்கிளாக் செய்துகொள்கின்றன. உதாரணத்துக்கு, 2023 ஜூனில் வெளியான என்விடியா ஆர்டிஎக்ஸ் 4060 கார்டின் அடிப்படை வேகம் 1,830 மெகாஹெர்ட்ஸ், பூஸ்ட் வேகம் 2,460. சூடும் மின்சாரமும் அனுமதித்தால், கார்டு அதையும் தாண்டி ஓடும். நாம் கையால் கூட்டுவதற்கு மிச்சம் இருப்பது கொஞ்சம்தான்.

சிப்பின் ராசியைப் பொறுத்து 5 முதல் 10 சதவீதம் கிடைத்தாலே நல்லது. அதாவது 60 எஃப்பிஎஸ் ஓடும் கேம் 64 ஆகும். 10 மணி நேர ரெண்டர் 9 மணி 20 நிமிடத்தில் முடியும். ஒரே மாடலில் இரண்டு கார்டு வாங்கினாலும், ஒன்று தாங்கும் வேகத்தை இன்னொன்று தாங்காது.

கார்டு எரிந்துவிடுமா?

ஸ்லைடரை நகர்த்தியதுமே எரிவது அரிது. வோல்டேஜுக்கும் வாட்டுக்கும் தயாரிப்பாளர்கள் பூட்டுப் போட்டிருக்கிறார்கள். அந்தப் பூட்டை உடைக்க வேறு பயாஸை ஏற்றுவதுதான் உண்மையான ஆபத்து. வாரன்ட்டியும் அதோடு போய்விடலாம். ஓவர்கிளாக் செய்யும் முன், அதனால் வரும் சேதத்துக்கு வாரன்ட்டி கிடையாது என்று ஏஎம்டியின் மென்பொருளே எச்சரிக்கும்.

அன்றாடம் வரும் தொல்லை வேறு. திரையில் புள்ளிகள், கோடுகள் தெரியும். டிரைவர் விழுந்து ஸ்கிரீன் கருப்பாகும். கேமில் அது எரிச்சல். காலையில் கிளையண்டுக்கு அனுப்ப வேண்டிய ரெண்டர் எட்டாவது மணி நேரத்தில் நின்றால் அது வருமான இழப்பு. மெமரியில் இன்னொரு சிக்கலும் உண்டு. பிழை வந்தால் அது தானே திருத்தி மறுபடி அனுப்பும். அதனால் கம்ப்யூட்டர் கிராஷ் ஆகாது, ஆனால் வேகம் குறையும். கூட்டிவிட்டோம் என்று நினைத்தது உண்மையில் குறைத்திருக்கும்.

குமரி மாவட்டத்தில் என்ன வித்தியாசம்?

முதலில் சூடு. அறையின் வெப்பம் 10 டிகிரி கூடினால், கார்டின் வெப்பமும் கிட்டத்தட்ட அதே அளவு கூடும். 22 டிகிரி ஏசி அறையில் எடுத்த யூடியூப் ரிசல்ட், 32 டிகிரி மாடி அறையில் வராது. ஆர்டிஎக்ஸ் 4060-க்கு என்விடியா சொல்லும் உச்ச வரம்பு 90 டிகிரி. வரம்பை நெருங்கினால் கார்டு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

அடுத்தது காற்று. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி பக்கம் ஜன்னலைத் திறந்தாலே உப்புக்காற்று. உப்பு ஈரத்தை இழுக்கும். ஈரம் செம்புப் பாகங்களை அரிக்கும். கார்டு சூடானால் ஃபேன் வேகமாகச் சுற்றி, இந்தக் காற்றை இன்னும் அதிகமாக உள்ளே இழுக்கும்.

மூன்றாவது கரண்ட். பல வீடுகளில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் தாங்குவது சுமார் 360 வாட்தான். பெரிய கார்டை மேலும் முறுக்கினால், கரண்ட் போகும் நொடியில் யுபிஎஸ்ஸும் சேர்ந்து கைவிடும்.

அப்போ வழியே இல்லையா?

இருக்கிறது. அதன் பெயர் அண்டர்வோல்டிங். சிப் இழுக்கும் மின்சாரம், வேகத்தோடு நேராகவும் வோல்டேஜின் வர்க்கத்தோடும் கூடும். இரண்டையும் 5 சதவீதம் ஏற்றினால் சுமார் 16 சதவீதம் கூடுதல் மின்சாரம். அதெல்லாம் சூடாகத்தான் வெளியே வரும். வேகத்தைத் தொடாமல் வோல்டேஜை மட்டும் 5 சதவீதம் குறைத்தால் சுமார் 10 சதவீதம் மிச்சம். சூடு குறைவதால், புழுக்கமான அறையில் கார்டு தன் பூஸ்ட் வேகத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். அளவுக்கு மீறிக் குறைத்தால் கிராஷ் ஆகும், ஆனால் எரியாது.

இது சிக்கலாகத் தெரிந்தால், ஆஃப்டர்பர்னரில் பவர் லிமிட்டை 100-லிருந்து 85-க்கு இறக்கிப் பார்க்கலாம். இழக்கும் வேகம் சில சதவீதம்தான்.

யார் செய்யலாம்?

* வாரன்ட்டி முடிந்த பழைய கார்டு, நல்ல காற்றோட்டமான கேபினட், கேம் மட்டுமே விளையாட்டு: செய்து பார்க்கலாம். ஒரு தடவைக்கு 15 முதல் 25 மெகாஹெர்ட்ஸ் கூட்டி, ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் ஓட்டி, எஃப்பிஎஸ் உண்மையிலேயே கூடுகிறதா என்று பாருங்கள்.
* இஎம்ஐ ஓடும் கார்டு, அதை நம்பித்தான் வேலை: அண்டர்வோல்ட் போதும்.
* லேப்டாப்: சிபியுவும் ஜிபியுவும் ஒரே கூலரைப் பங்குபோடும் இடம். வேண்டவே வேண்டாம்.

எதைச் செய்வதற்கு முன்பும் கேபினட்டைத் திறந்து தூசியைத் தட்டுங்கள். செலவே இல்லாமல் சில டிகிரி குறைய, அதுவே போதுமானதாக இருக்கலாம்.