ஊசிக்கு முன் உறக்கம்

வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் சோதிக்கும் ‘கிருஹ ஆரோக்கிய’த் திட்டத்தை 2024 அக்டோபரில் கோலாரில் தொடங்கிப் பின்பு மாநிலமெங்கும் விஸ்தரித்த கர்நாடக அரசு, அதன் நோய்ப் பட்டியலில் புற்றுக்கும் சிறுநீரகக் கோளாறுக்கும் மனநோய்க்கும் இடமளித்துவிட்டு, உறக்கத்தில் மூச்சு நின்றுபோகும் வியாதிக்கு மட்டும் ஒரு வரிகூட ஒதுக்காமற்போனதை எவ்விதத்திலும் நியாயப்படுத்த முடியாது. அதிலும், 30 வயதைக் கடந்தோரையே பிரதானமாக நாடும் அத்திட்டத்தின் கண்ணில், 27 வயதில் திணறித் திணறி விழிக்கும் வாலிபன் படுவதேயில்லை.

அத்தகைய வாலிபர் வாழும் ஊர்களில் ஒன்றைப் பாருங்கள். முன்னாளில் மைசூர் ஜில்லாவிலும் 1997 முதல் சாமராஜநகர் ஜில்லாவிலும் அடங்கிய கோபிநத்தம், ஒகேனக்கலை அடுத்த காவிரிக் காட்டில், தமிழ் பேசும் ஜனங்கள் வாழும் கிராமம். சந்தனக் கடத்தல்காரன் வீரப்பன் பிறந்த ஊர் என்றே உலகம் அதனை அறியும். 1991 நவம்பரில் அவனால் கொல்லப்பட்ட வனத்துறை அதிகாரி ஸ்ரீனிவாஸ், அவ்வூராருக்கு மாரியம்மன் கோயில் எழுப்பித் தந்ததோடு வைத்திய வசதிக்கும் பாடுபட்டவர் என்பதைச் சிலரே நினைக்கிறார்கள். இன்றும் அங்கிருந்து ஜில்லாத் தலைநகருக்குப் போக, மாதேஸ்வரன் மலையின் வளைவுகளை ஏறியிறங்கிக் கொள்ளேகாலம் வழியே பல மணி நேரம் பிரயாணம் செய்தாக வேண்டும்.

அத்தகைய ஊரின் வாலிபன் ஒருவனை மனத்தில் நிறுத்திப் பாருங்கள். இரவெல்லாம் லாரி ஓட்டிவிட்டு, பகலில் படுத்தால் சுவரதிரக் குறட்டைவிட்டு, அக்குறட்டை சட்டென்று அறுந்துபோகும்போது மனைவி தோளைப் பற்றி உலுக்கி, “ஏங்க, மூச்சு விடுங்க!” என்று பதறினால்தான் மீள்கிறவன் அவன். எழுந்தால் தலைவலி, நாள் முழுவதும் அசதி, தாம்பத்தியத்தில் நாட்டமின்மை. வீட்டாரிடம் சொல்லக் கூசும் இதனை அவன் வாய்திறந்து சொல்வது, பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ‘ஆண்மைக் குறைவா?’ என்று நோட்டீஸ் ஒட்டி, லாட்ஜில் அறையெடுத்துப் பார்க்கும் வைத்தியரிடந்தான். இவ்வகை விளம்பரங்களை 1954ஆம் வருஷத்துச் சட்டமே தடுத்திருக்கிறது. சட்டம் ஏட்டில் இருக்க, நோட்டீஸ் சுவரில் இருக்கிறது.

உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபட, ஒவ்வொரு முறையும் 10 விநாடிக்குக் குறையாமல் மூச்சு தடைபட்டு, அது மணிக்கு 30 முறையை எட்டினால் கடுமையான நிலை என்பது வைத்தியர் கணக்கு. டெஸ்டோஸ்டிரோனோ உறக்கத்திலேயே ஊறி விடியற்காலையில் உச்சத்தை அடையும் ஹார்மோன். சிகாகோ பல்கலைக்கழகத்தார், சராசரி 24 வயதுள்ள 10 ஆரோக்கியமான வாலிபர்களை ஒரு வாரம் இரவுக்கு 5 மணி நேரமே உறங்கவிட்டுப் பார்த்து, அவர்களுடைய பகல்நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவிகிதம் குறைந்ததென்று 2011இல் வெளியிட்டார்கள். வயதேறுவதால் வருஷமொன்றுக்கு 1 அல்லது 2 சதவிகிதமே குறையுமென்பதை இதனோடு வைத்து எண்ணுங்கள்: ஒரு வார அரையுறக்கம், பத்து வருஷத்து முதுமையை அந்த வாலிபர்களின் இரத்தத்தில் ஏற்றிவிட்டது. ஒரு வாரத்துக்கே இதுவென்றால், வருஷக்கணக்கில் மூச்சுத் திணறி உறக்கமிழந்தவனின் கதி என்ன? இந்த ஒரு கணக்கை ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுவரிலும் எழுதி வைக்கவேண்டும் என்பேன்.

இவனுக்கு நாம் கொடுப்பதோ டெஸ்டோஸ்டிரோன் ஊசி! கடுமையான மூச்சுத்தடைக்குச் சிகிச்சை செய்யாமல் டெஸ்டோஸ்டிரோனைத் தொடங்கலாகாது என்று அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கத்தின் 2018ஆம் வருஷத்து நெறிமுறை அறிவுறுத்துகிறது. காலை வேளையில், வெறும் வயிற்றில், இரு வேறு நாட்களில் இரத்தத்தைச் சோதித்த பின்னரே குறைபாட்டை உறுதிசெய்யவும் சொல்கிறது. வாரம் 200 மில்லிகிராம் வீதம் இதே ஹார்மோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகவே உலக சுகாதார ஸ்தாபனம் சோதித்து, 1990இல் முடிவை வெளியிட்டது. பிள்ளை வேண்டித் தவமிருக்கும் புதுமாப்பிள்ளைக்கு, விந்தணுவையே அற்றுப்போகச் செய்யக்கூடிய மருந்தை வீரியம் என்று விற்பது வைத்தியமன்று, துரோகம்.

மூச்சுப்பாதையைக் காற்றழுத்தத்தால் திறந்து வைக்கும் சிபாப் கருவியை அணிவதால் மட்டும் ஹார்மோன் உயர்வதில்லை என்று சில ஆய்வுத் தொகுப்புகளைக் காட்டுவோர் உண்டு. மூச்சு நின்று துடிக்கிறவனுக்கு முதலில் மூச்சைக் கொடுங்கள். மற்றதைப் பிறகு அளக்கலாம். குறட்டை பணக்காரரின் வியாதி என்போருக்கு, உழைக்கும் வயதினரில் 10 கோடிப் பேருக்கு மேல் இந்த மூச்சுத்தடை உண்டென்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2023இல் மதிப்பிட்டதே போதிய பதில்.

சிட்னி நகரத்து டாக்டர் காலின் சல்லிவன் 1981இல் உலகறியச் செய்த இக்கருவியின் செலவை மத்திய அரசு ஊழியர் சுகாதாரத் திட்டத்தில் திரும்பப் பெறலாம். கோபிநத்தத்து ஓட்டுநருக்கு அந்த வழி இல்லை. 2021இல் ஆக்சிஜன் செறிவூட்டிக்கு வியாபார லாப வரம்பு விதித்த அரசு, சிபாப்பை அந்த வரம்புக்குள் கொண்டுவரவில்லை. கனரக வாகன ஓட்டுநருக்கான மருத்துவச் சான்றிதழ், 25 மீட்டர் தூரத்து நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா என்று வினவுகிறது. இரவில் மூச்சு நிற்கிறதா என்று வினவுவதில்லை.

இரத்த அழுத்தமானியோடு வீட்டு வாசலுக்கு வரும் பணியாளரின் கையில் ஓர் அளவுநாடாவைக் கொடுத்து, குறட்டை, பகல் அசதி, பிறர் கண்ட மூச்சுநிறுத்தம், கழுத்தளவு 40 சென்டிமீட்டரைத் தாண்டுகிறதா என்பன போன்ற எட்டே கேள்விகளைக் கேட்கச் செய்தால் ஆகும் செலவு அற்பமே. அதைச் செய்யுங்கள், சிபாப்புக்கு லாப வரம்பு விதியுங்கள், 40 வயதுக்குட்பட்ட எவனுக்கும் உறக்கத்தைச் சோதியாமல் இந்த ஊசியைப் போடுவதைச் சட்டத்தால் தண்டியுங்கள். இம்மூன்றும் நடந்தால், இந்நாட்டு வாலிபருக்கு எழுதப்படும் ஆண்மை மருந்துகளில் பெரும்பாலானவை அவசியமற்றுப் போகுமென்பதும், மாதேஸ்வரன் மலைப் பாதையில் கவிழும் வண்டிகளின் தொகை ஒரே வருஷத்தில் குறையுமென்பதும் என் திடமான நம்பிக்கை.