எந்த ‘முடி’ எதற்கு முடிவு?



சென்ற திங்கள் புரோத்ராபூரில் நம் அன்பர் ஒருவரது இல்லத்திற்குச் சென்றிருந்தோம். பள்ளியில் பயிலும் அவர்தம் மகன், கணினியின் முன் வாடிய முகத்துடன் அமர்ந்திருந்தான். தன் அக்காள் எழுதிவைத்த நீண்ட நிரலிலிருந்து வேண்டிய ஒரு பகுதியை மட்டும் வெட்டி எடுத்திருந்தான். அஃது இயங்க மறுத்தது. “முடி என்ற சொல் வரைக்கும் சரியாகத்தானே எடுத்தேன், மாமா? தமிழில் எழுதியதால்தான் இந்தக் குழப்பம். இனி ஆங்கிலமே போதும்” என்றான். இந்தியும் ஆங்கிலமும் மிகுதியாகப் புழங்கும் இத்தீவில், பிள்ளை வாயிலிருந்து அச்சொல் வந்தது நம் நெஞ்சைத் தைத்தது. குறை தமிழினுடையதன்று என்பதை விளக்கவே இக்கட்டுரை.

நிரல் என்பது கணினிக்கு நாம் எழுதித் தரும் கட்டளைத் தொடர். அவன் பயின்றது ‘எழில்’ என்னும் நிரல்மொழி. முத்து அண்ணாமலை ஆக்கிய இம்மொழியைப் பற்றிய ஆய்வுரை 2009-ஆம் ஆண்டில் வெளிவந்தது. இதன் கட்டளைச் சொற்கள் தமிழ்ச் சொற்களே. குறித்த ஒரு வேலையைச் செய்யும் தனிப்பகுதி, ‘நிரல்பாகம்’ எனத் தொடங்கி ‘முடி’ என முடியும். அவன் எடுக்க முயன்றது, இரண்டு எண்களுள் பெரியதைக் கூறும் பகுதி:

நிரல்பாகம் பெரியது(அ, ஆ)
@( அ > ஆ ) ஆனால்
பின்கொடு அ
இல்லை
பின்கொடு ஆ
முடி
முடி

‘முடி’ ஈண்டு இருமுறை வருதல் காண்க. முதலாவது, ‘ஆனால்’ என்னும் நிபந்தனையை மூடுவது. இரண்டாவதே நிரல்பாகத்தை மூடுவது. மாணவன் முதல் ‘முடி’யிலேயே கத்தரித்துவிட்டான். கோப்பின் கடைசி ‘முடி’ வரை எடுத்திருந்தாலோ, அடுத்துள்ள பகுதிகளும் உடன் வந்திருக்கும்.

பின் முறைதான் யாது? முதலாவது, நிரலைச் சொல் சொல்லாகப் பிரித்தல் வேண்டும். ‘முடிவு’ என்னும் பெயர் ‘முடி’ ஆகாது. மேற்கோள் குறிக்குள் அடைபட்ட ‘முடி’யும், குறிப்புரையில் வரும் ‘முடி’யும் கட்டளைகள் அல்ல, அவற்றை ஒதுக்கிவிடுக. இரண்டாவது, எண்ணிக்கை. ‘நிரல்பாகம்’, ‘ஆனால்’, ‘வரை’ போன்று ஒன்றைத் திறக்கும் சொல் வருந்தோறும் ஒன்று கூட்டுக. ‘முடி’ வருந்தோறும் ஒன்று கழிக்க. மேற்கண்ட பகுதியில் எண்ணிக்கை 1, 2 என ஏறி, 1, 0 என இறங்கும். சுழியைத் தொடும் இடமே வெட்டும் இடம். மூன்றாவது, எடுத்த பகுதி வேறொரு நிரல்பாகத்தை அழைக்குமாயின், அதனையும் உடன் எடுத்தல் வேண்டும்.

இத்தொல்லை தமிழுக்கு மட்டும் உரியதன்று. சி மொழியில் நெளிவு அடைப்புக்குறிகளை இவ்வாறே எண்ணுதல் வேண்டும். பைத்தான் மொழியில் வரிகளின் உள்தள்ளலே எல்லை காட்டும். அங்கும் இலக்கணப்படி நிரலைப் பகுத்துக் காட்டத் தனிக் கருவி உண்டு. ஒரு பகுதி எந்த வரியில் முடிகிறது என்பதை அக்கருவி 2019-இல் வெளிவந்த 3.8 பதிப்பு முதல் காட்டி வருகிறது. மொழி எதுவாயினும், கண்ணால் கண்ட சொல்லை நம்பி வெட்டலாகாது. இலக்கணம் அறிந்தே பிரித்தல் வேண்டும்.

இப்பணி தமிழர்க்குப் புதிதுமன்று. 1887-இல் சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், ஏட்டில் விரவிக் கிடந்த மூலத்தையும் உரையையும் இனம் பிரித்துத் தந்தவர். எங்கே பாட்டு முடிகிறது, எங்கே உரை தொடங்குகிறது என்பதை அறியப் பொறுமையும் புலமையுமே அவருக்குத் துணையாயின.

இவற்றைக் கூறியபின் மாணவன் விரல்விட்டு எண்ணினான். விடுபட்ட ‘முடி’யைச் சேர்த்தான். நிரல் இயங்கியது. “தமிழ் சரியாகத்தான் சொன்னது, மாமா, நான்தான் பாதியில் நிறுத்திவிட்டேன்” என்றான்.

தங்கள் இல்லத்துச் சிறாரும் மேற்கண்ட ஏழு வரிகளை ஒருமுறை விரல்விட்டு எண்ணிப் பார்க்கட்டும்.