மரை ஒன்று, இயக்கம் வேறு

பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டை 1970களில் உருவானது. இயந்திரக் கருவிகளின் உதிரிகளைக் கடைவோர், காற்றழுத்த உருளைகளைப் பொருத்துவோர், தானியங்கி இயந்திரங்களை அமைப்போர் எனப் பலதரப்பட்ட பட்டறைகள் அங்கே அருகருகே இயங்குகின்றன. கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி பேசுவோர் ஒன்றாக நின்று பணிசெய்யும் இத்தகைய இடங்களில் எல்லோருக்கும் பொதுவான சொற்கள் சில உண்டு. 'ப்ராக்ஸி' அவற்றுள் ஒன்று. 'ப்ராக்ஸிமிட்டி' என்பதன் குறுக்கம் அது. விரல் பருமனில் ஓர் உருளை, அதன் மேல் மரை, இறுக்குவதற்கு இரண்டு நட்டுகள், பின்புறம் ஒரு கம்பி: இந்த வடிவில் எது வந்தாலும் அது ப்ராக்ஸிதான்.

பொருளின் தோற்றத்தைக் கொண்டு பெயரிடுவது மொழிக்கு இயல்பு. ஆனால் இங்கே தோற்றம் ஒன்றாக இருக்க, உள்ளே நிகழ்வது முற்றிலும் வேறாக இருக்கலாம். எம் 12 அளவுள்ள ஒரு தூண்டல் உணரியையும் அதே அளவுள்ள ஒரு காந்த ரீடு உணரியையும் அருகருகே வைத்தால் பழகாத கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. முதலாவதன் உள்ளே ஓர் அலையியற்றி இயங்குகிறது. முன்னே உலோகம் வந்தால் அதில் சுழல் மின்னோட்டம் தோன்றி, அலைவு தளர்வதை அது கண்டறிகிறது. இதற்கு எப்போதும் மின்வழங்கல் தேவை. இரண்டாவதற்குள் மின்னணுச் சுற்று எதுவும் இருக்க வேண்டியதில்லை. நிக்கல் - இரும்புக் கலவையாலான இரண்டு மெல்லிய தகடுகள், நைட்ரஜன் போன்ற வளிமம் நிரப்பி மூடிய கண்ணாடிக் குழலுக்குள் நுனியோடு நுனி சிறிதே மேற்படிந்து நிற்கின்றன. காந்தம் அருகில் வந்தால் அவை ஒன்றையொன்று ஈர்த்துத் தொடுகின்றன. விலகினால் தம் மீள்விசையால் பிரிகின்றன. 1936இல் அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வகத்தில் வால்டர் எல்வுட் உருவாக்கிய இந்த எளிய அமைப்பு இன்றும் தன் அடிப்படையில் மாறவில்லை. உறை மட்டும் காந்தத்தை மறைக்காத பித்தளையாகவோ துருப்பிடிக்காத எஃகாகவோ நெகிழியாகவோ வருகிறது. மரை இருப்பதால் முன்னும் பின்னும் நகர்த்தி, இடைவெளியைச் சரிசெய்து, நட்டுகளால் பூட்டிவிடலாம்.

இந்த வேறுபாடு அறிவுக்கு மட்டும் உரியதன்று. மூன்று கம்பித் தூண்டல் உணரியில் பழுப்புக் கம்பி நேர்முனைக்கும் நீலக் கம்பி எதிர்முனைக்கும் போகும், கருப்பு வெளியீடு. அந்தப் பழக்கத்திலேயே இரண்டு கம்பி ரீடு உணரியின் பழுப்பையும் நீலத்தையும் 24 வோல்ட் வழங்கலின் இரு முனைகளில் நேராக இணைத்தால், காந்தம் வரும்வரை எதுவும் நிகழாது. காந்தம் வந்த கணத்தில் அது நேரடிக் குறுக்குச்சுற்று. தகட்டின் நுனிகள் உருகி ஒட்டிக்கொள்ளும். அதன்பின் சுற்றைச் சரிசெய்து இணைத்தாலும், காந்தம் போன பின்னும் 'பொருள் இருக்கிறது' என்றே அந்த உணரி சொல்லிக்கொண்டிருக்கும். அதை நம்பி அடுத்த அசைவைத் தொடங்கும் இயந்திரத்தின் முன் ஒரு மனிதரின் கை இருக்கக்கூடும்.

சரியாக இணைத்த பின்னும் அறிய வேண்டியவை உண்டு. ஒரு விளக்கையோ மின்தேக்குதிறன் மிகுந்த நீண்ட கம்பியையோ ரீடு நேரே இயக்கினால் தொடக்க மின்பாய்ச்சலில் தொடுமுனை ஒட்டலாம். வால்வுச் சுருளை இயக்கினால் பிரியும்போது பொறி எழும். ஆகவே எதிர்மின்னழுத்தத்தைத் தணிக்கும் டையோடு தேவை. தகட்டுக்கு இணையாக வைத்த காந்தம் அதன் நீளவாக்கில் கடந்தால், ஒருமுறைக்கு மாறாக மூன்று முறை கூட இணைப்பு ஏற்படலாம். காந்தம் அணுகும்போது மூடும் தொலைவும் விலகும்போது திறக்கும் தொலைவும் ஒன்றல்ல. பாதுகாப்புக் கதவில் குறியீடில்லாத காந்த உணரியைப் பொருத்தினால், கையிலிருக்கும் ஒரு சாதாரணக் காந்தமே அதை ஏமாற்றிவிடும். ஐ.எஸ்.ஓ. 14119 தரநெறி குறியீடுள்ள உணரியையும் குறியீடில்லாததையும் தனித்தனி வகைகளாகப் பிரிப்பது இது போன்ற காரணங்களால்தான். 'ப்ராக்ஸி' என்ற ஒற்றைச் சொல்லில் இவற்றில் எதற்கும் இடமில்லை.

தமிழ்க் கலைச்சொல் இக்குறையைத் தீர்க்குமா? சொல்லை ஆக்கும் முறையைப் பொறுத்தது. 'ரீடு' என்றதும் அகராதியைத் திறந்து 'நாணல்' என்று எழுதுவது எளிது. ஆங்கிலத்தில் அச்சொல் தாவரத்திலிருந்து இசைக்கருவியின் நாக்குக்கும், அங்கிருந்து மின்தொடுப்பின் தகட்டுக்கும் நகர்ந்தது. 'நாணல் ஆளி' என்பது அப்பயணத்தின் முதல் படியிலேயே நின்றுவிடுகிறது. கேட்பவருக்கு ஆற்றங்கரை நினைவுக்கு வருமே தவிர அசையும் தகடு வராது. ஆர்மோனியத்தின் உள்ளே ஒரு முனை பொருத்தப்பட்டு மறுமுனை அசையும் உலோக நாக்கே நெருங்கிய ஒப்புமை. 'காந்த நாக்கு ஆளி' என்றால் எது இயக்குகிறது, எது அசைகிறது, என்ன செய்கிறது என்ற மூன்றும் பெயரிலேயே கிடைக்கின்றன. இலங்கைப் பாடநூல்களில் நிலைபெற்ற 'ஆளி' என்ற சொல் இங்கே கூடுதலாக ஒன்றையும் உணர்த்துகிறது: இது சுற்றைத் திறந்து மூடும் பொருள், வழங்கலுக்குக் குறுக்கே நேராக இணைக்கக் கூடாதது.

இங்கே இரு மறுப்புகள் எழலாம். பட்டறையில் யாரும் நீண்ட பெயரைச் சொல்லப்போவதில்லை என்பது முதலாவது. உண்மைதான். தொழிலாளியின் சொல் குறுகியதாக இருப்பதில் பிழையேதும் இல்லை; அவர் கையில் எடுத்து, கம்பிகளை எண்ணி, வேறுபாட்டைக் கண்டுகொள்ளக்கூடும். ஆனால் அந்தக் கையறிவு இன்னும் வாய்க்காத பட்டயப் படிப்பு மாணவருக்குச் சொல்லே முதல் வழிகாட்டி. அவருடைய வகுப்பறையும் பட்டறையின் குறுக்கத்தையே கற்பித்தால், பிழையைச் செய்து கற்பது ஒன்றே வழியாகிறது. ஹால் விளைவு உணரிகள் வந்த பின் ரீடு பழங்கதை என்பது இரண்டாவது. அசையும் தொடுமுனை இல்லாத ஹால் உணரிக்குத் தனிச் சிறப்பு உண்டு. எனினும் மின்வழங்கல் இன்றி உணர்வதும், திறந்த நிலையில் கசிவு மின்னோட்டம் ஏறத்தாழ இல்லாதிருப்பதும், நேர் மற்றும் மாறு மின்னோட்டம் இரண்டிலும் இயங்குவதும் ரீடின் வலிமைகள். மின்சுமை சிறிதாக இருந்தால் அது கோடிக்கணக்கான முறை மூடித் திறக்கும்.

இந்தியத் தொலைபேசித் தொழிலகம் 1948இலும் எச்.எம்.டி. 1953இலும் தொடங்கிய நகரம் பெங்களூர். கருவிகளைச் செய்யும் திறன் அங்கே பல தலைமுறைகளாக வளர்ந்திருக்கிறது. கருவிகளைப் பற்றிப் பேசும் மொழி அதே அளவில் வளர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டின் ஓசூரிலும் கோயம்புத்தூரிலும் நிலை பெரிதும் வேறல்ல. செய்ய வேண்டியது பெரிய காரியமன்று. ஒவ்வொரு உணரியையும் பெயர்ப் பட்டியலாக மனப்பாடம் செய்விப்பதை விடுத்து, நான்கு கேள்விகளோடு கற்பிக்கலாம். எதை உணர்கிறது? மின்வழங்கல் வேண்டுமா? எவ்வளவு சுமை தாங்கும்? கெட்டால் திறந்த நிலையில் கெடுமா, மூடிய நிலையில் கெடுமா? கலைச்சொல்லாக்கக் குழுக்கள் இதே கேள்விகளின் விடையிலிருந்து பெயரை எடுக்கட்டும். மொழியியல் துறையினர் அகராதியோடு பட்டறைக்கும் செல்லட்டும். உறைமேல் உள்ள மரை கண்ணுக்குத் தானாகவே தெரிந்துவிடுகிறது. உள்ளிருக்கும் நாக்கைக் காட்டவே சொல் வேண்டும்.