ஆட்டோபைலட்டா, அசட்டையா?



"ரெக்கார்டு நோட்டை எப்படிடா ஒரே ராத்திரியில முடிச்ச?" என்று கேட்டால், "கை ஆட்டோபைலட்ல போச்சு மச்சி!" என்கிறோம். அந்தச் சொல்லுக்கு நாம் தகுதியானவர்கள்தானா?

'ஆட்டோ' என்றால் கிரேக்க மொழியில் 'தானே'. 'பைலட்' என்பவர் முதலில் கப்பலுக்கு வழிகாட்டியவர். விமானம் ஏறியது பிறகுதான். 1914-இல் பாரிஸ் அருகே லாரன்ஸ் ஸ்பெர்ரி என்ற அமெரிக்க இளைஞர், இரண்டு கைகளையும் மேலே தூக்கியபடி விமானத்தில் பறந்து காட்டினார். விமானம் ஆடாமல் காத்தது கைரோஸ்கோப்!

தத்துவம் என்னவோ நாம் படிக்கும் ஃபீட்பேக்தான். வைத்த அளவு என்ன? இப்போதைய அளவு என்ன? வித்தியாசம் எவ்வளவு? உடனே திருத்து! இப்படி நொடிக்கு நொடி தன் பிழையைத் தானே பார்ப்பதுதான் ஆட்டோபைலட். நாமோ, பார்க்காமல் செய்வதற்கு அதன் பெயரை வைத்துவிட்டோம்!

ஆனால், கொடுத்த கட்டளை சரியா என்று கருவி கேட்காது. 1990 பிப்ரவரி 14 அன்று பெங்களூரில் தரையிறங்க வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஏ-320 விமானம் ஓடுபாதைக்கு முன்பே விழுந்து 92 பேர் இறந்தனர். எஞ்சின் விசையைக் குறைத்தே வைக்கும் தானியங்கி முறையில் விமானம் இருந்ததையும், வேகம் குறைவதையும் விமானிகள் உரிய நேரத்தில் உணரவில்லை என்றது விசாரணை. கருவி தன் வேலையைச் செய்தது, கண்தான் தவறியது.

நம்ம ஏற்காடு பஸ்ஸைப் பாருங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகள். டிரைவர் அண்ணன் கண்டக்டரோடு பேசிக்கிட்டேதான் ஓட்டுறார். ஆனாலும் வளைவுக்கு முன்னே ஹாரன் அடிக்கும். இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் கை கியரைக் குறைக்கும். பனிமூட்டம் வந்துவிட்டாலோ, பேச்சு டக்கென்று நின்றுவிடும்! பழக்கத்திடம் எதை விடலாம், எதை விடக்கூடாது என்பது அவருக்குத் தெரியும்.

எனக்குத் தெரியவில்லை. போன வருஷம் ஒரு சீனியரின் ரீடிங்கை அப்படியே எழுதினேன். அவர் தப்பாக வைத்த தசமப் புள்ளி என் நோட்டிலும்! வைவாவில் சார் கேட்டபோது திருதிருவென முழித்தேன். அன்று போனது மார்க் மட்டும்தான். நாளை நம் கைக்கு வருவது நோட்டு அல்ல நண்பர்களே... லேத், பாய்லர், டிரான்ஸ்பார்மர்!

கை பழகட்டும்; கண் விழித்திருக்கட்டும்!