போதனையும் சோறும்

சென்ற மாதம் நண்பர்கள் கூடியிருந்த இடத்தில், இந்தப் பத்திரிகைக்குச் சத்துணவு பற்றி ஒரு கட்டுரை எழுதப் போகிறேன் என்றேன். ஒருவர் சிரித்தார். "அதற்குத்தான் வாரப் பத்திரிகைகளில் டாக்டர்கள் இருக்கிறார்களே, நீ கவிதை பற்றி எழுது" என்றார். மற்றவர்களும் சிரித்தார்கள். சிரித்தவர்கள் எல்லோரும் இந்தப் பத்திரிகையின் வாசகர்கள். இதில் எழுதுபவர்களும் அவர்களே. ஆகவே பதிலை இங்கேயே சொல்லிவிடுவதுதான் முறை.

நான் எழுத வந்திருப்பது வைட்டமின்கள் பற்றி அல்ல. ஒரு பட்டியலில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது, அதைத் தீர்மானிப்பது யார் என்பது பற்றி. இது டாக்டர்கள் விவகாரமல்ல, எழுதுகிறவர்களின் விவகாரம். இதில் நான் குற்றம் சாட்டுபவன் மட்டுமல்ல என்பதையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

உத்திரமேரூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனம் சில வருஷங்களுக்கு முன் ஊட்டச்சத்து விழிப்புணர்வு வேலையைத் தொடங்கியது. பெயர் வேண்டாம். அதில் இருந்தவர்கள் நல்லவர்கள், வெயிலில் அலைந்தவர்கள், சம்பளத்துக்கு மேல் உழைத்தவர்கள். எளிய தமிழில் இருபத்து நாலு பக்கத்தில் ஒரு கையேடு வேண்டும் என்று என்னிடம் வந்தார்கள். "நீங்கள் எழுத்தாளர், உங்களுக்குச் சுலபம்" என்றார்கள். பணமும் கொடுத்தார்கள். எழுதிக் கொடுத்தேன்.

எழுதுவதற்கு முன் அவர்களோடு காலனிகளுக்கும் இருளர் குடியிருப்புகளுக்கும் போனேன். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டோம். பெண்கள் கூச்சத்துக்குப் பிறகு சொன்னார்கள். ரேஷன் அரிசிச் சோறு, புளிக்குழம்பு, கருவாடு. பண்ணைக்கீரை, பொன்னாங்கண்ணி, முருங்கை. ஏரியில் தண்ணீர் இருக்கும்போது கெண்டை, கெளுத்தி. நடவுக் காலத்தில் நத்தையும் நண்டும். அறுப்புக்குப் பிறகு வயல் எலி. ஞாயிற்றுக்கிழமை மாட்டுக்கறி, மிஞ்சினால் உப்புக்கண்டம். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

கையேடு அச்சாகி வந்தது. அதில் கேரட் இருந்தது. முளைகட்டிய பயறு, பேரீச்சம்பழம், பால், பாதாம்கூட ஒரு மூலையில் இருந்தது. கீரை இருந்தது, கேழ்வரகு இருந்தது. நத்தை இல்லை, எலி இல்லை, மாட்டுக்கறி இல்லை. யார் அடித்தார்கள் என்று கேட்பீர்கள். யாரும் அடிக்கவில்லை. நிறுவனத்தார் என் பிரதியில் இரண்டு எழுத்துப் பிழையைத் திருத்தினார்கள், அவ்வளவுதான். அந்தச் சொற்களை நான்தான் எழுதவில்லை. விட்டுவிட வேண்டும் என்று தீர்மானித்ததாகக்கூட ஞாபகமில்லை. பேனா தானாக அவற்றைச் சுற்றிக்கொண்டு போயிற்று.

கையேட்டைப் படித்துக் காட்டும் கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "இன்னா சார், நீங்க சொல்றதெல்லாம் காசு குடுத்து வாங்கறது. நாங்க சொன்னதெல்லாம் வயல்ல, ஏரியில புடிக்கறது. அதுல ஒண்ணுகூட உங்க பொஸ்தகத்துல இல்லியே?" கூட்டம் நடத்தியவர், நல்ல கேள்வி என்று பாராட்டிவிட்டு, கைகழுவும் முறைக்குப் போய்விட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

உத்திரமேரூர் என்றதும் நமக்கு உடனே நினைவு வருவது வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919-லும் 921-லும் பொறிக்கப்பட்டவை. குடவோலை. பள்ளிக்கூடத்தில் படித்தோம், மேடைகளில் கேட்கிறோம். 2020 டிசம்பரில் புதிய பாராளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரும் உத்திரமேரூரைக் குறிப்பிட்டார். சரி. ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம், பொன்னுக்கு ஒரு வாரியம் என்று வகுத்து, கணக்குக் காட்டாதவனை ஒதுக்கி வைத்த ஒழுங்கு லேசானதல்ல. ஆனால் அதே சுவரில் தகுதிகளும் இருக்கின்றன. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதம் தெரிந்திருக்க வேண்டும். விலக்கப்பட்டவர்களின் பட்டியலில் ஒரு வகை: உண்ணத் தகாததை உண்டவன். அதற்குப் பிராயச்சித்தம் செய்துகொண்டிருந்தாலும் அவன் பெயர் குடத்தில் விழாது.

அது ஒரு பிரம்மதேயத்தின் சபை. அதன் விதியை இன்றைய சட்டப் புத்தகத்தை வைத்து அளப்பது அசட்டுத்தனம் என்று நண்பர்கள் சொல்வார்கள். வாஸ்தவம். பராந்தகன் காலத்தோடு எனக்குச் சண்டையில்லை. என் சண்டை என்னோடு. ஆயிரத்து நூறு வருஷத்துக்குப் பிறகு, வேதமும் தெரியாத, கால் வேலி நிலமும் இல்லாத ஒரு தமிழ் எழுத்தாளன், நவீனத்துவம் பேசுகிறவன், அந்த ஷரத்தை யாரும் சொல்லாமலே நிறைவேற்றினானே, அது எப்படி? கல்வெட்டைப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் கல்வெட்டு கைக்குள் இருக்கிறது.

இன்னொரு வரலாறும் இருக்கிறது. அது தட்டின் வரலாறு. 1920-ல் சென்னையில், நீதிக்கட்சியின் தியாகராய செட்டியார் காலத்தில், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டார்கள். 1956-ல் காமராஜரின் மதிய உணவு. பிறகு அமெரிக்க உதவியில் வந்த மாவும் கோதுமையும். 'கேர்' என்ற பெயரை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க முடியாது. என் பள்ளிக்கூடத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு உப்புமா வரும். அதற்கு முன் யாரும் எனக்குப் புரதம் பற்றிப் போதிக்கவில்லை. பசித்தது, தின்றேன். பக்கத்தில் உட்கார்ந்து தின்றவன் யார் வீட்டுப் பிள்ளை என்பது என் பாட்டிக்குத் தெரிந்தபோதுதான் வீட்டில் ரகளை. ஆக, அந்த உப்புமாவில் ஒரு பாடம் இருந்தது; ஆனால் அதை யாரும் பாடமாக நடத்தவில்லை.

1982 ஜூலை முதல் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். நம் வட்டத்தில் அன்று எழுந்த சிரிப்பு எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. ஓட்டுக்குச் சோறு, கஜானா காலி, சினிமாக்காரனின் தர்மப் பிரபு வேஷம். நானும் சிரித்தவன், அப்போது என் வயது இருபத்திரண்டு. கேலியில் பாதி உண்மை. ஓட்டும் இருந்தது, வேஷமும் இருந்தது. ஆனால் அந்தத் திட்டத்தால் விதவைகளும் ஆதரவற்ற பெண்களும் அரசாங்கச் சம்பளத்தில் அடுப்பு மூட்டினார்கள். இரண்டு வயதுப் பிள்ளையிலிருந்து தட்டு கிடைத்தது. 1984-ல் பதினைந்து வயதுவரை விரிந்தது. 1989-ல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று ஆரம்பித்தது, இன்று பள்ளி நாள் ஒவ்வொன்றுக்கும் ஒன்று என்றாகியிருக்கிறது. நாங்கள் அந்த வருஷங்களில் 'பசி' என்ற தலைப்பில் எத்தனையோ கவிதைகள் அச்சிட்டோம். அவற்றில் ஒன்றிலாவது முட்டை இருந்ததா?

முட்டை சாதாரண வஸ்து அல்ல. 2000-ல் பெங்களூரில் தொடங்கிய அட்சய பாத்ரா பல மாநிலங்களில் லட்சக்கணக்கான பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறது. அதன் சுத்தத்தையோ உழைப்பையோ நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதன் அடுப்பில் முட்டை கிடையாது; வெங்காயம், பூண்டும் கிடையாது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் காலை உணவு அதன் பொறுப்புக்குப் போனபோது 2020 வாக்கில் இங்கே எதிர்ப்பு எழுந்தது. கொடுப்பவனுக்குத் தன் விரதத்தைப் பின்பற்ற உரிமை உண்டு. வாங்குகிற பிள்ளையின் நாக்கில் அந்த விரதத்தை ஏற்றுவதற்கு உரிமை எங்கிருந்து வந்தது? தர்மம் செய்பவன் மெனுவையும் எழுதுகிறான். அதைத்தான் கேட்க வேண்டும்.

அரசாங்க அடுப்பு மட்டும் சுத்தமா? 2018-ல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டம்பாளையத்தில், தலித் பெண் சமைக்கக் கூடாது என்று பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஊர்க்காரர்கள் கூடினார்கள். 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் வந்தது. முதலில் 1,545 பள்ளிகள், மறுவருஷம் மாநிலம் முழுதும். சுயஉதவிக் குழுப் பெண்கள் சமைக்கிறார்கள். 2023-லும் சில ஊர்களில் அதே கதை, யார் கை சமைத்தது என்ற கேள்வி. வித்தியாசம் ஒன்றுதான்: அரசாங்க அடுப்பில் இது குற்றம், வழக்குப் போடலாம், கலெக்டர் வந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருக்கும். தர்ம அடுப்பில் இது ஆசாரம், கேள்வி கிடையாது.

இனி, போதனைக்கு வருகிறேன். ஏழைகளுக்குச் சத்து பற்றித் தெரியாது, தெரிந்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை ஒரு சௌகரியமான நம்பிக்கை. அதில் கூலி பற்றிப் பேச வேண்டியதில்லை. நிலம் பற்றியும் பேச வேண்டியதில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இத்தனை பேரும் முருங்கைக்கீரையைக் கேள்விப்படாதவர்களா? கடைசியில் சாப்பிடுகிறவள் அவள். குழம்பின் அடியில் எஞ்சியதைச் சாப்பிடுகிறவள். வயலில் குருணை மருந்து விழுந்த பிறகு நத்தையும் நண்டும் குறைந்துபோயின என்று அந்தப் பெண்களே சொன்னார்கள். ஏரி வற்றினால் மீன் இல்லை. இதற்கெல்லாம் பதிலாக, இரும்பும் போலிக் அமிலமும் பி12-ம் சேர்த்து மாவிலிருந்து அரிசி வடிவில் பிழிந்த மணிகளை, நூற்றுக்கு ஒன்று என்று ரேஷன் அரிசியில் கலக்கிறோம். அது உடம்புக்கு நல்லதா கெட்டதா என்பதை விஞ்ஞானிகள் பேசட்டும். ஏரி போன இடத்தில் இயந்திரம் வந்து நிற்கிறது என்பதைச் சொல்ல விஞ்ஞானி தேவையில்லை.

போதனையே வீண் என்று நான் சொல்வதாகத் திரித்துவிட வேண்டாம். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிய வீடுகள் இருந்தன, சொல்லித்தான் மாறின. சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சேராது என்பது தெரிய வேண்டிய விஷயம்தான். 1980-ல் உலக வங்கிக் கடனில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், கிராமத்துப் பெண்களே மாதந்தோறும் குழந்தைகளை எடை போட்டார்கள், எடை ஏறாத பிள்ளைக்கு உணவு கொடுத்தார்கள், தாயோடு பேசினார்கள். தராசும் உணவும் பேச்சும் சேர்ந்து இருந்தன. என் கையேட்டில் பேச்சு மட்டும்தான் இருந்தது. அதுவும் பாதிப் பேச்சு.

இப்போது சிரித்த நண்பருக்கு. நம் கவிதையில் பசி உண்டு. அது பெரும்பாலும் இருத்தலின் பசி, பிரபஞ்ச வெறுமை, வயிற்றுக்குச் சம்பந்தமில்லாதது. நம் கதைகளில் சாப்பாடு உண்டு. அது டிகிரி காப்பி, வத்தக்குழம்பு, அம்மாவின் கை. 1992-ல் 'கருக்கு' வந்தபோதும், அதற்குப் பின் வந்த தலித் எழுத்துகளிலும், வேறு அடுப்புகளின் வாசனை தமிழுக்குள் வந்தது. நம்மில் சிலர் உடனே என்ன சொன்னோம்? ஆவணம், சமூகவியல், கலையாகவில்லை. கலையா இல்லையா என்று பிரதியை வைத்து விவாதித்திருக்கலாம். நாம் விவாதிக்கவில்லை, முகம் சுளித்தோம். சுளித்த முகத்துக்கு விமர்சனம் என்று பெயர் வைத்துக்கொண்டோம். நான் கையேட்டில் செய்ததும் நாம் பத்திரிகைகளில் செய்ததும் ஒரே காரியம். அதனால்தான் இந்தக் கட்டுரை இங்கே வருகிறது, வாரப் பத்திரிகையில் அல்ல.

கையேட்டின் இரண்டாம் பதிப்பில் ஒரு பக்கம் சேர்க்க வேண்டும் என்று நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினேன். பரிசீலிப்பதாகப் பதில் வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. அந்தப் பக்கத்தை இங்கே எழுதிவிடுகிறேன். இருநூறு பேராவது படிப்பீர்கள்.

நத்தை: சுண்ணாம்புச்சத்தும் இரும்பும் உள்ளது, மருந்து அடிக்காத வயலில் எடுத்து நன்றாக வேகவைக்க வேண்டும். வயல் நண்டு: புரதம், இடித்து ரசம் வைத்தால் பிள்ளைக்கும் கொடுக்கலாம். வயல் எலி: நல்ல மாமிசம், இருளர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கருவாடு: விலை குறைவு, புரதம் அதிகம், உப்பை அலசிவிட வேண்டும். மாட்டுக்கறி: இதிலுள்ள இரும்பு, கீரையிலுள்ள இரும்பைவிட எளிதாக உடம்பில் சேரும், ரத்தசோகை உள்ள பெண் வாரத்தில் இரண்டு நாள் சாப்பிட்டால் நல்லது, ஆண்களுக்கு வைத்தபின் மிஞ்சியதை அல்ல, முதலில்.

இவ்வளவுதான் அந்தப் பக்கம். எழுத எனக்குப் பத்து நிமிஷம் ஆயிற்று. கையேடு எழுதிய அன்றும் எனக்குப் பத்து நிமிஷம் இருந்தது.