அம்மாவின் பிளாஸ்டிக் பை



டாக்டரிடம் கிளம்பும்போதெல்லாம் அம்மா ஒரு பிளாஸ்டிக் பையைத் தேடுவார், பார்த்திருப்பீர்கள். பழைய மருந்துச் சீட்டு, ரத்தப் பரிசோதனை முடிவு, எக்ஸ்ரே படம் எல்லாம் அதில்தான் இருக்கும். அந்தப் பை வெள்ளத்தில் போய்விட்டால்?

2005 ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரை 'கத்ரீனா' புயல் தாக்கியது. வெள்ளத் தடுப்புக் கரைகள் உடைந்து, நகரின் பெரும்பகுதி மூழ்கியது. மருத்துவமனைகளில் இருந்த காகிதக் கோப்புகள் ஏராளமாக நாசமாயின. உயிர் தப்பி வெளியூர் போன ஒரு தாத்தாவிடம், "என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று புது டாக்டர் கேட்கிறார் என வைத்துக்கொள்ளுங்கள். "காலையில் ஒரு வெள்ளை மாத்திரை" என்றால் அவர் என்ன செய்வார்? சர்க்கரைக்கும் வெள்ளை மாத்திரை உண்டு, ரத்த அழுத்தத்திற்கும் உண்டு!

அதே நகரில் முன்னாள் ராணுவ வீரர்களுக்கான அரசு மருத்துவமனையும் இருந்தது. அங்கு நோயாளிகளின் விவரங்கள் கணினியில் பதிவாகியிருந்தன. அவற்றின் நகல் ஹூஸ்டன் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டது. சில நாட்களிலேயே வேறு ஊர் டாக்டர்களும் அந்த வீரர்களின் விவரங்களைப் பார்த்து மருந்து கொடுக்க முடிந்தது.

டாக்டருக்கும் இதில் நன்மை உண்டு. ஒருவருக்கு ஒத்துக்கொள்ளாத மருந்தை மறந்துபோய் எழுதினால், கணினியே எச்சரிக்கும்படி செய்யலாம். போன வாரம் எடுத்த ரத்தப் பரிசோதனையின் முடிவு கையில் இருந்தால், மறுபடி ஊசி குத்தவும் வேண்டாம். (டாக்டர் கையெழுத்தைப் படிக்கும் வித்தை தெரிந்த மருந்துக் கடைக்காரருக்குத்தான் வேலை குறையும்!)

நம் நாட்டில் 2021 செப்டம்பரில் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம் நாடெங்கும் தொடங்கப்பட்டது. இதில் ஒவ்வொருவரும் 'ஆபா' என்ற 14 இலக்க எண் பெறலாம். எண் மட்டும் இருந்தால் போதாது. நாம் போகும் மருத்துவமனையும் இத்திட்டத்தில் சேர்ந்து விவரங்களை இணைக்க வேண்டும். அதுவரை அம்மாவின் பை பத்திரமாகவே இருக்கட்டும்.

"என் நோய் ஊருக்கே தெரிந்துவிடாதா?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆபா முறையில் நம் சம்மதம் பெற்றுத்தான் விவரங்களைப் பார்க்க வேண்டும் என்பது விதி. அதனால், செல்போனில் வரும் ரகசிய எண்ணை யார் கேட்டாலும் சொல்லிவிடாதீர்கள். எஸ்டோனியா என்ற சின்னஞ்சிறு நாட்டில், தன் விவரங்களை யார் எப்போது திறந்து பார்த்தார்கள் என்பதை நோயாளியே கணினியில் தெரிந்துகொள்ளலாம்.