நம்பர் விழுந்தால் குடும்பம் கெடுமா?

பங்சாரிலோ பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ, புதன், சனி, ஞாயிறு வந்துவிட்டால் நம்பர் கடைகளில் கூட்டம்தான். விபத்தில் சிக்கிய காரின் எண், பிள்ளை பிறந்த தேதி, கனவில் வந்த பாம்புக்குப் புத்தகம் சொல்லும் எண் என்று நான்கு இலக்கங்களை எழுதிக் கொடுத்துச் சீட்டு வாங்குகிறார்கள். அதே மக்கள்தான் ‘நம்பர் விழுந்த காசு வீட்டில் தங்காது’ என்றும் சொல்கிறார்கள். பரிசு விழுந்தவர் குடித்தே அழிந்தார், அண்ணன் தம்பிக்குள் வெட்டுக்குத்து வந்தது என்று ஒவ்வொரு தாமானிலும் ஒரு கதை உண்டு. இந்தக் கதைகளை வைத்துக்கொண்டு, திடீர்ப் பணமே கேடு, ஏழைக்கு அது ஒத்துவராது என்று முடிவுகட்டுவதை நான் ஏற்கவில்லை. பணம் வந்த நாளில் ஒருவருக்கு எவ்வளவு கடன் இருந்தது, நல்ல வழி சொல்ல யார் பக்கத்தில் இருந்தார்கள் என்பதைப் பொறுத்தே அந்தப் பணத்தின் கதி அமைகிறது.

பரிசு பெற்றவர்களில் 70 விழுக்காட்டினர் சில ஆண்டுகளில் ஓட்டாண்டி ஆகிவிடுகிறார்கள் என்றொரு கணக்கு உலகம் முழுக்கச் சுற்றுகிறது. அதற்கு மூலம் என்று காட்டப்பட்ட அமெரிக்க நிதிக்கல்வி அமைப்பே, அந்த எண் தங்கள் ஆய்வில் வந்ததல்ல என்று 2018-இல் மறுத்துவிட்டது. பரிசு பெற்றவர்கள் மற்றவர்களைவிட மகிழ்ச்சியாக இல்லை என்று சொன்ன 1978-ஆம் ஆண்டின் புகழ்பெற்ற இல்லினாய் ஆய்வு, வெறும் 22 வெற்றியாளர்களிடம் கேட்டு எழுதப்பட்டது. 2020-இல் வெளிவந்த சுவீடன் ஆய்வு அதைவிட மிகப் பெரியது. குலுக்கல் நடந்து 5 முதல் 22 ஆண்டுகள் கழித்து ஆயிரக்கணக்கானோரை விசாரித்தார்கள். பெரிய பரிசு பெற்றவர்களுக்கு வாழ்க்கையில் மனநிறைவு கூடியிருந்தது; பத்தாண்டுகள் கடந்தும் அது குறையவில்லை. அன்றாட மகிழ்ச்சியும் மனநலமும் அந்த அளவுக்கு உயரவில்லை என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. மாதக் கடைசியில் வாடகைக்குத் தவிக்காமல் இருப்பது எப்பேர்ப்பட்ட நிம்மதி என்பது தவித்தவர்களுக்குத் தெரியும். அந்த நிம்மதிதான் இந்த ஆய்வில் தெரிகிறது என்று நினைக்கிறேன்.

அப்படியானால் கண்ணெதிரே கெட்டுப்போனவர்கள் பொய்யா என்று கேட்பீர்கள். பொய்யில்லை. அமெரிக்காவின் புளோரிடாவில் 50,000 முதல் 150,000 டாலர் வரை பரிசு விழுந்தவர்களைப் பற்றி 2011-இல் ஓர் ஆய்வு வந்தது. முதல் இரண்டு ஆண்டுகளில் அவர்களிடையே திவால் குறைந்திருந்தது. மூன்றாவது முதல் ஐந்தாவது ஆண்டுக்குள் அது கூடிவிட்டது. பரிசு திவாலைத் தள்ளிப்போட்டதே தவிரத் தடுக்கவில்லை. கடனை அடைக்கப் போதுமான தொகை கைக்கு வந்தும், கடன் வாங்கும் வாழ்க்கை மாறாததால் வந்த வினை அது. கேரளத்தில் 2022 ஓணம் பம்பர் குலுக்கலில் 25 கோடி ரூபாய் வென்ற ஆட்டோ ஓட்டுநரின் கதை வேறு மாதிரி. வரி போக மிஞ்சியதே பல கோடி. ஆனால் பெயரும் படமும் வெளியான சில நாட்களில் உதவி கேட்டு வந்தவர்கள் வீட்டை மொய்த்தார்கள். இந்தப் பரிசு விழாமலே இருந்திருக்கலாம் என்று அவர் வருந்தும் அளவுக்குப் போனது. அவர் இழந்தது நிம்மதியாக வீட்டில் இருக்கும் உரிமை. நம் நாட்டில் குலுக்கல் நிறுவனங்கள் வெற்றியாளரின் பெயரைச் சொல்லாமல் வயது, ஊர் போன்ற விவரங்களை மட்டும் வெளியிடுகின்றன. இந்த ஒரு வழக்கம் பல குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கும்.

இப்படி எழுதுவது சூதாட்டத்துக்குத் தூபம் போடுவதாகாதா என்ற கேள்வியும் வரும். கணக்கைப் பாருங்கள். நான்கு இலக்கக் குலுக்கலில் 10,000 எண்கள். பரிசு 23 எண்களுக்கு. அந்த 23 எண்களுக்கும் பரிசு தரும் ‘பிக்’ முறையில் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு ரிங்கிட் கட்டினால் செலவு 10,000. முதல் பரிசு 2,500, இரண்டாவது 1,000, மூன்றாவது 500, சிறப்புப் பரிசுகள் பத்துக்கு 1,800, ஆறுதல் பரிசுகள் பத்துக்கு 600 என எல்லாம் சேர்த்துத் திரும்பி வருவது 6,400. ஒரு ரிங்கிட்டுக்கு 36 காசு நட்டம். எந்தச் சாமி எண் கொடுத்தாலும் இது மாறாது. வாரம் மூன்று முறை கட்டும் குடும்பம் பரிசால் கெடுவதற்கு முன்பே சீட்டால் கெட்டுவிடும். குலுக்கலின் ஆசை விடாதவர்களுக்குத் தேசிய சேமிப்பு வங்கி பத்து ரிங்கிட்டிலிருந்து பிரிமியம் சேமிப்புச் சான்றிதழ் விற்கிறது. அதில் பரிசு விழாவிட்டாலும் போட்ட முதல் போகாது. ஆகவே யாரையும் நம்பர் எடுக்கச் சொல்லவில்லை. பெருந்தொகையைக் கையாளத் தெரியாத குறைக்குப் பணத்தின் மேல் பழிபோடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

அந்தக் குறை பரிசு விழாத நம் எல்லோரையும் தொடுகிறது. 55 வயதில் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணம் கைக்கு வரும் நாள், சாதாரணத் தொழிலாளிக்குப் பரிசு விழுந்த நாள் போலத்தான். முப்பது ஆண்டு உழைப்பில் சேர்ந்த தொகை ஒரே கையெழுத்தில் வருகிறது. மகன் காருக்கு முன்பணம் கேட்கிறான், மகள் கல்யாணத்துக்கு மண்டபம் பேச வேண்டியிருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் புது வியாபாரத்தில் பங்கு தருகிறேன் என்கிறார். மொத்தமாக எடுத்த சேமிப்பு பலருக்குச் சில ஆண்டுகளிலேயே கரைந்துவிடுகிறது என்று சேமநிதி வாரியமே எச்சரித்து வருகிறது. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 முதல் 2022 வரை, சிறப்பு அனுமதியில் மக்கள் எடுத்தது 14,500 கோடி ரிங்கிட். சாப்பாட்டுக்கே வழியில்லாமல் எடுத்தவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அந்தக் கோடிகள் போன வழியில் ஆலோசனை சொல்ல ஓர் ஆள் நின்றிருந்தால், கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும்.

அந்த ஆள் இருக்கவே இருக்கிறார். பேங்க் நெகாரா 2006-இல் தொடங்கிய ஏகேபிகே என்ற அமைப்பு, கடனில் சிக்கியவர்களுக்கும் பணத்தைத் திட்டமிட விரும்புகிறவர்களுக்கும் கட்டணமில்லாமல் ஆலோசனை தருகிறது. பெரிய பரிசுக்கான காசோலையைத் தரும் நிறுவனங்கள் அதோடு ஏகேபிகே சந்திப்புக்கும் நாள் குறித்துத் தர வேண்டும் என்று அரசு உரிம நிபந்தனையிலேயே சேர்க்கலாம். கோயில் நிர்வாகங்களும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கங்களும், 50 வயதைத் தொட்டவர்களுக்காக ஆண்டுக்கு ஒரு முறையாவது இந்த ஆலோசகர்களை அழைத்துத் தமிழில் விளக்கச் செய்ய வேண்டும். பெருந்தொகை எதுவானாலும், கைக்கு வந்ததும் முதலில் ஆலோங் வட்டிக்காரரின் கடனையும் கிரெடிட் கார்டு கடனையும் அடையுங்கள். மிச்சத்தை ஆறு மாதம் வங்கியில் விட்டுவிட்டு, அதுவரை யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.